பெருங்குடலை எடுத்த பிறகும் இயல்பாக வாழலாம்

வீட்டை விட்டுக் கிளம்புமுன், போகுமிடத்தில் கழிவறை எங்கே இருக்கிறது என்று யோசிப்பவர்கள் உண்டு. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து முறை வயிற்றுப்போக்கு, மலத்தோடு இரத்தம், எடைக் குறைவு. மூல நோய் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு பூசிக் காலம் கடத்துவோரும் இருக்கிறார்கள். பரிசோதித்தால் சிலருக்கு அது பெருங்குடல் புண் அழற்சியாக இருக்கும்.

உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி பெருங்குடலின் உட்சுவரையே தாக்குவதால் ஏற்படும் பாதிப்பு இது. பலருக்கு மருந்து போதும். மருந்துக்கு அடங்காதவர்களுக்கும், குடல் வீங்கி வெடிக்கும் அபாயத்தில் உள்ளவர்களுக்கும், புற்றுநோய்க்கான மாற்றங்கள் தென்படுபவர்களுக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. பெருங்குடலும் மலக்குடலும் அகற்றப்படும்.

"அப்படியானால் ஆயுள் முழுவதும் வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வாழ வேண்டுமா, டாக்டர்?" நோயாளிகள் முதலில் கேட்பது இதைத்தான்.

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1969இல் சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் கோக், சிறுகுடலைக் கொண்டே வயிற்றுக்குள் ஒரு பையை அமைத்தார். ஆனால் வயிற்றிலுள்ள துவாரத்தில் குழாய் செருகித்தான் கழிவை வெளியேற்ற வேண்டும். 1978இல் லண்டன் செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் உட்பையை ஆசனவாயோடு இணைக்கும் முறையை வெளியிட்டனர். 1980இல் ஜப்பானின் உட்சுநோமியா அதை எளிமையாக்கினார். ஆங்கில 'ஜே' எழுத்தைப் போலிருப்பதால் அது 'ஜே' பை எனப்படுகிறது.

எப்படிச் செய்கிறார்கள்?

சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து, சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள பையாக்குகிறார்கள். ஆசனவாயின் தசைகள் அப்படியே விடப்படுவதால் மலத்தை அடக்கும் சக்தி காக்கப்படுகிறது. தையல் ஆறும்வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு, வயிற்றில் தற்காலிகத் துவாரமும் வெளிப்பையும் இருக்கும். பிறகு அது மூடப்படும். உடல் மிகவும் பலவீனமாக இருந்தால் சிகிச்சையை மூன்று கட்டங்களாகப் பிரித்துச் செய்வார்கள்.

பிறகு எப்படி இருக்கும்?

பழைய குடல் திரும்பக் கிடைத்துவிடாது. நாளொன்றுக்கு ஐந்தாறு முறை கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும், இரவிலும் ஒருமுறை எழ நேரலாம். ஆனால் முன்போல் பதறி ஓட வேண்டிய அவசரம் பெரும்பாலும் இருக்காது. பெருங்குடல் இல்லாததால் உடலில் நீரும் உப்பும் சீக்கிரம் குறையும். நம் வெயிலில் இதில் கூடுதல் கவனம் தேவை. சோறும் வாழைப்பழமும் மலத்தைக் கெட்டிப்படுத்தும். அதிகக் காரம் எரிச்சல் தரும்.

உட்பையிலும் அழற்சி வரலாம். பெரும்பாலும் கிருமிக்கொல்லி மருந்துகளால் குணமாகிறது. சிலருக்குப் பை சரியாக இயங்காமல், மீண்டும் வெளிப்பைக்கே திரும்ப நேரிடுவதும் உண்டு.

பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இடுப்புக் குழியில் நடக்கும் இந்தச் சிகிச்சைக்குப் பின் கருத்தரிப்பது சிலருக்குக் கடினமாகலாம். எனவே குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவசரமில்லை என்றால் பையை அமைக்கும் கட்டத்தைத் தள்ளிப்போடவும் வழியுண்டு.

நிரந்தர வெளிப்பையைத் தேர்ந்தெடுப்பதும் தோல்வியல்ல. அதோடு வேலைக்குப் போகிறவர்களும் நீந்துகிறவர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும் மலத்தில் இரத்தம் கண்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உயிர் போகும் அவசரத்தில் எடுக்கும் முடிவைவிட, நேரம் இருக்கும்போது குடும்பத்தோடு கலந்து எடுக்கும் முடிவே நல்லது.