இடித்தவர் போய்விட்டார், இனி நாம் என்ன செய்வது?

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் துறை மாணவர்

ஜவுளிக்கடை வாசலிலோ கல்யாண மண்டபத்துப் பக்கச் சந்திலோ காரை ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் போகிறோம். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பின்கதவில் ஒரு சொட்டை, பம்பரில் நீளமாக ஒரு கீறல். இடித்தது யார்? தெரியாது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால், "நான் இப்பத்தான் சார் வந்தேன்" என்பார். நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் கோபத்தால் தகடு நிமிராது நண்பர்களே!

"நமக்கு ஏது கார்? சைக்கிள் ஸ்டாண்டுக்கே தகராறு" என்று சிலர் சிரிப்பது காதில் விழுகிறது. உண்மைதான். ஆனால் டிப்ளமோ முடித்ததும் சர்வீஸ் ஸ்டேஷனில் நிற்கப் போவது நாம்தானே? சொட்டை விழுந்த காரோடு வருகிறவர் முதலில் நம்மிடம்தான், "தம்பி, இதுக்கு என்ன பண்றது?" என்று கேட்பார். அதற்குச் சரியான பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல் பத்து நிமிடம்

வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இவை:

1. நின்ற இடத்திலேயே செல்போனில் படம் எடுங்கள். முதலில் தள்ளி நின்று, நம்பர் பிளேட்டும் பக்கத்துக் கடை போர்டும் தெரியும்படி ஒன்று. அப்புறம் கிட்டப்போய்க் கீறலை மட்டும் ஒன்று. நாளும் நேரமும் படத்தோடு தானே பதிவாகிவிடும்.

2. கீறல் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பைக்கின் ஹாண்டில்பார் இடிக்கும் உயரம் வேறு, காரின் பம்பர் இடிக்கும் உயரம் வேறு. கீறலில் வேற்று நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். இடித்த வண்டி விட்டுப் போன அடையாளம் அது.

3. எதிரே கேமரா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே கடைக்காரரிடம் தன்மையாகக் கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிக்கொண்டிருப்பதால், ஒரு வாரம் கழித்துப் போய் நின்றால் பல இடங்களில் கையை விரித்துவிடுவார்கள்.

4. வாட்ச்மேன், பூக்கார அம்மா, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மார் இவர்களை விசாரியுங்கள். வண்டி நம்பர் முழுதாகக் கிடைக்காவிட்டாலும் கடைசி நாலு எண்ணும் நிறமும் கிடைத்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"ஆளுக்கு அடிபட்டால்தானே கேஸ், தகடு நசுங்கினால் என்ன கேஸ்?" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, அடுத்தவர் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலும் பொருந்தும். போலீஸ்காரர் அங்கே இல்லையென்றால், ஓட்டியவர் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் போனால் 187-ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அது 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டி நம்பர் மட்டும் தெரிந்தால்கூட, ஓட்டியவர் யார் என்பதைச் சொல்ல வேண்டிய கடமை 133-ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கு இருக்கிறது.

நம் ஊரில் ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். என்கிற மனு ஏற்பு ரசீது தருவார்கள். சின்னக் கீறலுக்கு அது தேவையா என்பது உங்கள் முடிவு. நம்பர் கிடைத்திருந்தாலோ சேதம் பெரிதாக இருந்தாலோ கட்டாயம் வாங்கி வையுங்கள்.

இன்னொரு விஷயம். ஓடிப்போன வண்டி இடித்தால் அரசாங்கமே நஷ்டஈடு தரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1.4.2022 முதல் நடப்பில் உள்ள திட்டத்தில், உயிர் போனால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். ஆனால் அது மனிதருக்கு மட்டும்தான். தகட்டுக்கு ஒரு பைசா கிடையாது.

நஷ்டம் யார் தலையில்?

இடித்தவர் கிடைக்கவில்லை என்றால் நஷ்டம் காற்றோடு போய்விடாது. யாரிடம் ஆதாரம் இல்லையோ அவர் தலையில்தான் இறங்கும். பெரும்பாலும் அந்தத் தலை சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் டிரைவருடையது.

எங்க அப்பா இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறார். அதில் ஒரு கார்கூட எங்களுடையது இல்லை. 2022-இல் ஒரு மண்டப வாசலில் நிறுத்தியிருந்தபோது யாரோ இடித்து, பின்பக்க மட்கார்டு நசுங்கிவிட்டது. "நான் சாப்பிடப் போயிருந்தேன்" என்று அப்பா சொன்னதை முதலாளி நம்பவில்லை. இரண்டு மாதச் சம்பளத்தில் 1,500, 1,500 என்று பிடித்துக்கொண்டார்கள். அப்பாவிடம் படம் இல்லை, பார்த்த சாட்சியும் இல்லை. "நம்ம வார்த்தைக்கு என்னப்பா மதிப்பு?" என்று அன்றைக்கு அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. வண்டியை நிறுத்தியதும் நாலு பக்கமும் நாலு படம், எடுக்கும்போது மறுபடி நாலு படம். இரண்டு நிமிட வேலை. நிறுத்தியபோது நன்றாக இருந்தது, நின்ற இடத்திலேயே சேதமானது என்பதை நம் வார்த்தை இல்லாமலே படம் சொல்லிவிடும். உங்கள் வீட்டிலும் தெருவிலும் டிரைவர் வேலை பார்க்கிறவர்கள் இருந்தால் தயவுசெய்து இதைச் சொல்லிக் கொடுங்கள்.

இன்சூரன்ஸ்: வாங்கலாமா, விடலாமா?

சட்டப்படி கட்டாயமான தேர்டு பார்ட்டி பாலிசி அடுத்தவருக்கு நாம் செய்த சேதத்துக்கு மட்டும்தான். நம் வண்டி சரிசெய்யப் பணம் வேண்டுமானால் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று ஜனங்கள் சொல்லும் கம்ப்ரெஹென்சிவ் பாலிசி இருக்க வேண்டும். இடித்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் அதில் கிளெய்ம் செய்யலாம்.

ஆனால் கிளெய்ம் செய்தால் லாபமா? இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். கிளெய்ம் செய்யாமல் இருந்த வருஷங்களுக்காக பிரீமியத்தில் தள்ளுபடி தருகிறார்கள். அதன் பெயர் நோ கிளெய்ம் போனஸ். அது சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் வருஷ வரிசைப்படி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு தடவை கிளெய்ம் செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி!

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 1500 சி.சி.க்கு உட்பட்ட கார், சொந்தச் சேத பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய், இப்போது 35 சதவீதத் தள்ளுபடியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேர் பில் 9,000 (புது பம்பர் 4,000, பெயின்ட் வேலை 4,000, லேபர் 1,000).

வரவு: பிளாஸ்டிக் பொருளுக்குத் தேய்மானம் 50 சதவீதம் என்பதால் பம்பருக்கு 2,000தான் கிடைக்கும். பெயின்ட் பில்லில் கால்பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், ஆக 3,500. லேபர் 1,000 முழுசாக. மொத்தம் 6,500. கட்டாயக் கழிவு 1,000 போனால் கையில் வருவது 5,500.

இழப்பு: கிளெய்ம் செய்யாமல் இருந்தால் அடுத்த மூன்று புதுப்பிப்பில் தள்ளுபடி 45, 50, 50. கிளெய்ம் செய்தால் 0, 20, 25. வித்தியாசம் 45, 30, 25. கூட்டினால் சரியாக 100 சதவீதம், அதாவது 8,000 ரூபாய்!

5,500 வாங்கப் போய் 8,000 இழப்பது புத்திசாலித்தனமா? யானையைப் பிடித்து அங்குசத்தை வாங்கிய கதைதான். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசியாக இருந்தாலும் வருவது 8,000, போவது 8,000, கையில் மிச்சம் எதுவும் இல்லை. பிரீமியம் வருஷா வருஷம் கொஞ்சம் குறையும் என்பதால் தொகை மாறலாம்; கணக்குப் போடும் முறை இதுதான். அதனால் சின்னச் சேதத்துக்குக் கைக்காசு, பெரிய சேதத்துக்கு கிளெய்ம் என்பது பொதுவாக நல்ல வழி.

கிளெய்ம்தான் என்று முடிவு செய்தால் மூன்று விஷயம் முக்கியம். உடனே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாதீர்கள். பாரத்தில் நடந்ததையே எழுதுங்கள். "நீங்களே சுவத்துல இடிச்சதா எழுதிடுங்க, சீக்கிரம் பாஸ் ஆயிடும்" என்று சில பட்டறைகளில் சொல்லுவார்கள். பொய் என்று தெரிந்தால் கிளெய்மே தள்ளுபடியாகும். "நிறுத்தி வைத்திருந்தபோது அடையாளம் தெரியாத வாகனம் இடித்தது" என்று எழுதினால் போதும்.

தகடும் பெயின்ட்டும்

இனி நம் பாடத்துக்கு வருவோம். கார் தகட்டின் கனம் சுமார் 0.7 மில்லிமீட்டர். அதன்மேல் துருவைத் தடுக்கும் மின்பூச்சு, பிரைமர், நிறம் கொடுக்கும் பேஸ் கோட், பளபளப்பு கொடுக்கும் கிளியர் கோட் என்று நாலு அடுக்கு. எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் கனம்தான்!

கீறலின் ஆழத்தை அறிய நகமே போதும். குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். தட்டவில்லை என்றால் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் மறைந்துவிடும். தட்டினால் நிற அடுக்கு வரை போயிருக்கிறது. கம்பெனியின் பெயின்ட் கோடு பார்த்து டச்-அப் போட வேண்டும். உள்ளே வெள்ளித் தகடு மின்னினால் தாமதிக்காதீர்கள். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் துரு சீக்கிரம் பிடித்துவிடும். ஈரம் போகத் துடைத்து அன்றைக்கே டச்-அப் பூசி மூடுங்கள்.

சொட்டையிலும் இரண்டு வகை. யீல்டு பாயிண்ட் தாண்டாத இடம் தானே திரும்ப முயலும். தாண்டிய இடம்தான் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் வழவழப்பான, மடிப்பு விழாத சொட்டையைப் பெயின்ட் கெடாமலே உள்ளிருந்து தள்ளி எடுக்க முடிகிறது. கூர்மையாக மடிந்திருந்தால் டிங்கர் வேலை, பட்டி, பெயின்ட் எல்லாம் வேண்டும். அவசரப்பட்டு உள்ளேயிருந்து சுத்தியலால் அடித்தால் தகடு நீண்டுபோய், அழுத்தினால் டப் டப் என்று எண்ணெய் டின் மாதிரி ஆடும். பம்பர் தெர்மோபிளாஸ்டிக் என்பதால் வெந்நீர் ஊற்றி உள்பக்கமிருந்து தள்ளினால் சிறு பள்ளம் எழும்பிவிடும். தகட்டுக்கு அந்த வித்தை பலிக்காது.

வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே பாருங்கள். கதவு இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா? டிக்கி சுலபமாக மூடுகிறதா? விளக்குக்குள் விரிசல் உண்டா? முன்பக்கம் இடிபட்டிருந்தால் பம்பருக்குப் பின்னாலுள்ள ஏ.சி. கண்டென்சரும் ரேடியேட்டரும் ஒழுகுகின்றனவா?

நாமே இடித்துவிட்டால்?

நாளைக்கு நாமும் வண்டி ஓட்டுவோம். ரிவர்ஸ் எடுக்கும்போது யாருடைய காரையாவது உரசலாம். யாரும் பார்க்கவில்லை என்று கிளம்பிவிடாதீர்கள். பேரும் போன் நம்பரும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை வைப்பரில் செருகுங்கள். சேதம் இன்னதென்றும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது நமக்கும் பாதுகாப்பு. பிறகு ஸ்டேஷனில் தகவல் சொல்லுங்கள். நாம் ஓடிப்போனால் அந்தச் சொட்டைக்கான பணம் காரின் சொந்தக்காரர் பையிலிருந்துதான் போகும் என்று நினைக்காதீர்கள். அது ஒரு டிரைவர் வீட்டு அரிசிப் பணமாகவும் இருக்கலாம்.

தோழர்களே, நாளை நம் கைக்கு வரும் ஒவ்வொரு சொட்டைக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் கணக்கு இருக்கிறது. பில்லை ஏற்றுவது எளிது. "இதுக்கு கிளெய்ம் வேண்டாம் சார், காம்பவுண்டு போட்டாப் போதும்" என்று உள்ளதைச் சொல்வதுதான் படித்த டெக்னீஷியனுக்கு அழகு!