கத்தியின் கூர்மைக்குக் காரணம் என்ன?

சிவகங்கைச் சீமையின் கருப்பர் கோயில்களில் நேர்த்திக்கடனாக நட்டு வைத்த பெரிய அரிவாள்களைப் பார்த்திருப்பீர்கள். இதே மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் போன ஊர். வழிபாட்டுக்கு ஒரு கத்தி, வேலைக்கு ஒரு கத்தி என்பது நமக்குப் புதிதல்ல. நமக்கு மட்டுமே உரியதும் அல்ல.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டுப் பண்டைய மக்களிடம் 'தூமி' என்ற சடங்குக் கத்தி இருந்தது. மேலே கைப்பிடி, கீழே பிறை வடிவ அலகு. பொன், வெள்ளி, செம்பு, வெண்கலம் ஆகியவற்றால் அதைச் செய்தார்கள். அந்நாட்டு மருத்துவர்கள் மண்டையோட்டைத் துளைத்துச் சிகிச்சையும் செய்தனர். துளையைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்த மண்டையோடுகள் பல கிடைத்துள்ளன. நோயாளி பிழைத்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

பொன் கத்தி அழகானது, ஆனால் மென்மையானது. கூர் நிற்காது. செம்பையும் வெண்கலத்தையும் குளிர்ந்த நிலையில் அடித்து அடித்துக் கடினமாக்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. இரும்பை உருக்கும் கலை அவர்களிடம் இல்லை.

கூர்மைக்கு ஏன் இத்தனை மதிப்பு? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. விளிம்பின் தடிப்பு பத்தில் ஒரு பங்கானால், அதே விசைக்கு அழுத்தம் பத்து மடங்காகும். மயக்க மருந்து மருத்துவமனைகளில் பரவியது 1846-க்குப் பிறகுதான். அதற்கு முன் மழுங்கிய கத்தி என்றால் நோயாளி கூடுதல் நேரம் வேதனையில் துடிக்க வேண்டும். தசையும் அறுபடாமல் கிழியும்.

இதை நன்கு உணர்ந்தவர் சுசுருதர். வெட்டும் கருவிகள் இருபதைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. மயிரை அறுக்குமளவு கூரானால்தான் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. தோய்ச்சலையும் மூவகையாகப் பிரிக்கிறது: எலும்பை வெட்டும் கருவிக்குக் காரநீர், தசையை அறுப்பதற்கு நீர், சிரையைக் குத்துவதற்கு எண்ணெய்.

இன்றைய இயற்பியல் இதை எப்படி விளக்குகிறது? எஃகில் சிறிதளவு கார்பன் உண்டு. செக்கச் சிவக்கக் காய்ச்சினால் அது இரும்பு அணுக்களிடையே கரைந்து பரவும். மெல்ல ஆறவிட்டால் பிரிந்துவிடும், எஃகு மென்மையாகும். சட்டென்று குளிரவைத்தால் பிரிய நேரமின்றிச் சிக்கிக்கொள்ளும். அணுக்களின் அடுக்கு திரிந்து 'மார்ட்டென்சைட்' என்ற மிகக் கடினமான அமைப்பு உண்டாகும். கடினம் கூடக் கூட நொறுங்கும் தன்மையும் கூடும்.

பழுத்த இரும்பை நீரில் அமிழ்த்தினால் அதைச் சுற்றி நீராவிப் படலம் உண்டாகி வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. காரநீரில் அப்படலம் விரைவில் உடைவதால் குளிர்தல் வேகமாகிறது. எண்ணெயில் குளிர்தல் மெதுவானது. எனவே எலும்புக்கு மிகக் கடினமான அலகு. சிரையைக் குத்தும் மெல்லிய கருவிக்கு எளிதில் ஒடியாத அலகு. பொருத்தம் புரிகிறதல்லவா?

தென்னிந்திய எஃகின் புகழ் கடல் கடந்தும் சென்றது. லண்டனில் அறுவைக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், 'ஊட்ஸ்' எனப்பட்ட இந்திய எஃகையே பெரிதும் விரும்பினார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

கொல்லுப் பட்டறையில் பழுத்த அரிவாள் நீரில் இறங்கும்போது 'சுர்' என்ற ஓசை கேட்கும். நீராவிப் படலம் உண்டாகி உடையும் ஓசை அது. அந்தச் சில நொடிகளில்தான் இரும்பு கத்தியாகிறது.