2 வயசாகியும் குழந்தை பேசலையா? பதற வேண்டாம்... ஆனா இந்த 3 விஷயங்களை உடனே கவனிங்க!

"பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒன்றரை வயசுதான் ஆகுது. 'தாத்தா வா'ன்னு அழகா கூப்பிடுது. நம்ம குழந்தைக்கு 2 வயசு ஆகப்போகுது. 'ம்மா'வைத் தாண்டி ஒரு வார்த்தை வரலையே..."

பல வீடுகளில் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் கவலை இது. பிறந்தநாள் விழா, சொந்தக்காரங்க கல்யாணம் என எங்கே போனாலும் "இன்னுமா பேசல?" என்ற கேள்வி வரும். அதுவும் பெரும்பாலும் அம்மாவைப் பார்த்துத்தான் வரும்.

முதலில் ஒரு ஆறுதலான தகவல். 2 வயதில் குறைவாகப் பேசும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் மற்ற குழந்தைகளைப் போலப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால், உங்கள் குழந்தை தானாகப் பேசிவிடுமா, கொஞ்சம் உதவி தேவைப்படுமா? வார்த்தைகளை மட்டும் எண்ணிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. புரிதல், சைகை, காது கேட்கும் திறன் என்ற 3 விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

எந்த வயதில் என்ன பேச்சு வரும்?

எல்லாக் குழந்தையும் ஒரே தேதியில் நடப்பதில்லை. பேச்சும் அப்படித்தான். இருந்தாலும் பொதுவான அளவுகோல் உண்டு.

* 1 வயது: 'பாபாபா', 'தாதாதா' என மழலை ஒலிகள் வரும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். டாட்டா காட்டும்.
* 18 மாதம்: அம்மா, அப்பா தவிர 3 வார்த்தைகளாவது சொல்லப் பார்க்கும்.
* 2 வயது: 'அம்மா வா', 'பால் தா' என 2 வார்த்தைகளைச் சேர்க்கும்.
* 3 வயது: சின்னச் சின்ன வாக்கியங்கள் பேசும். வெளியாட்களுக்கும் பெரும்பாலும் புரியும்.

இங்கே பல பெற்றோர் ஒரு தப்பு பண்றாங்க. தெளிவான வார்த்தையை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். குழந்தை சோற்றுக்கு எப்போதும் 'மம்மு' என்கிறதா? நாயைப் பார்த்தால் 'பவ்பவ்' என்கிறதா? ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் தொடர்ந்து சொன்னால் அதுவும் ஒரு வார்த்தைதான். உட்கார்ந்து எண்ணிப் பாருங்க. நீங்க நினைச்சதைவிட அதிகமாக இருக்கலாம்.

1. சொல்வது புரிகிறதா?

கையால் சைகை காட்டாமல், வாயால் மட்டும் "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். எடுத்து வருகிறதா? "ஃபேன் எங்கே?" என்றால் மேலே பார்க்கிறதா? அப்படியென்றால் மொழி உள்ளே சேர்ந்துகொண்டிருக்கிறது; வெளியே வரத்தான் நேரம் எடுக்கிறது. இப்படி எல்லாம் புரிந்துகொண்டு பேச்சு மட்டும் தாமதமாகும் குழந்தைகள் சீக்கிரம் எட்டிப்பிடிக்க வாய்ப்பு அதிகம்.

2. சைகை காட்டுகிறதா?

வேண்டியதை விரல் நீட்டிக் கேட்பது நல்ல அறிகுறி. அதைவிட முக்கியமானது, "அங்க பாரு, காக்கா" என்பதுபோல ஒன்றைச் சுட்டிக்காட்டிவிட்டு உங்கள் முகத்தையும் பார்ப்பது. தான் பார்த்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறது என்று அர்த்தம். கண்ணைப் பார்ப்பது, கூப்பிட்டால் திரும்புவது, விரல் நீட்டுவது என எதுவுமே இல்லை என்றால், ஆட்டிசம் உள்ளிட்ட வளர்ச்சி சார்ந்த பிரச்னைகள் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

3. காது சரியாகக் கேட்கிறதா?

"கதவைத் தட்டினா திரும்பிப் பார்க்குதே, காது நல்லாத்தான் கேட்குது" என்பார்கள். இதை நம்பி இருந்துவிடக் கூடாது. சில குழந்தைகளுக்குப் பெரிய சத்தம் கேட்கும். பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள் கேட்காது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குக் காதுக்குள் நீர் சேர்ந்து, கேட்கும் திறன் குறையலாம். பிறந்தபோது எடுத்த பரிசோதனையில் தேறிய குழந்தைக்கும் பிறகு குறை வரலாம்.

நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் காதுகேளாமை வரும் வாய்ப்பு சற்று அதிகம். அதனால் பேச்சு தாமதமானால் முதல் வேலை காது பரிசோதனைதான். ஓ.ஏ.இ, பெரா என்ற இரண்டு சோதனைகளிலும் ஊசி, வலி எதுவும் இல்லை. குழந்தை தூங்கும்போதே எடுத்துவிடலாம்.

குறை இருப்பது தெரிந்தாலும் வழி இருக்கிறது. காது கேட்கும் கருவி பொருத்தலாம். தேவைப்படும் சிறு குழந்தைகளுக்கு, தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையும் செய்யப்படுகிறது. ஆனால் இதை எவ்வளவு சின்ன வயதில் செய்கிறோமோ, அவ்வளவு நல்லா பேச்சு வரும். காத்திருந்தால் அந்தக் காலம் திரும்பக் கிடைக்காது.

வீட்டில் சொல்வதில் எது உண்மை?

"அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்": பாதி உண்மை. தாமதமான பேச்சு குடும்பத்தில் வரலாம். ஆண் குழந்தைகள் சற்று தாமதமாகப் பேசுவதும் உண்டு. ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போட இது காரணம் ஆகாது.

"வீட்ல ரெண்டு பாஷை பேசறதால குழம்புது": உண்மை இல்லை. தமிழும் தெலுங்கும் பேசும் வீடாக இருந்தால், இரண்டிலும் குழந்தை சொல்லும் வார்த்தைகளைச் சேர்த்து எண்ண வேண்டும்.

"நாக்கு ஒட்டியிருக்கு": நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகளின் உச்சரிப்பு மாறலாம். குழந்தை பேசவே ஆரம்பிக்காததற்கு பொதுவாக அது காரணம் அல்ல.

"வசம்பைத் தேன்ல உரைச்சு நாக்குல தடவு": இதனால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 1 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. போட்டுலிசம் என்ற ஆபத்தான பாதிப்பு வரலாம்.

"செல்போன் பார்த்தா பேச்சு வந்துடும்": வராது. ரைம்ஸை ஒப்பிக்கலாம், ஆனால் போன் குழந்தைக்குப் பதில் சொல்வதில்லை. நீங்கள் பேச வேண்டிய நேரத்தையும் அது எடுத்துக்கொள்கிறது. சொந்தக்காரர்களுடன் எப்போதாவது வீடியோ கால் பேசுவது தவிர, 2 வயது வரை திரையே வேண்டாம் என்பது இந்திய குழந்தை மருத்துவ அகாடமியின் அறிவுரை.

வீட்டில் என்ன செய்யலாம்?

* செய்யும் வேலையைச் சொல்லிக்கொண்டே செய்யுங்க. "தண்ணி ஊத்துறேன், கை கழுவுறோம்" போதும்.
* குழந்தை 'காக்கா' என்றால் "ஆமா, காக்கா பறக்குது" என்று ஒரு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள்.
* கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுக்காதீர்கள். "வாழைப்பழமா, பிஸ்கட்டா?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் 10 வரை எண்ணிக் காத்திருங்கள்.
* "சொல்லு, மாமாகிட்ட சொல்லு" என்று நாலு பேர் முன்னால் வற்புறுத்தாதீர்கள். அது குழந்தையின் வாயை இன்னும் மூடிவிடும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

* 1 வயதில் மழலை ஒலியோ சைகையோ இல்லை
* 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை
* 2 வயதில் 2 வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை
* எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்திவிட்டது

இதில் ஒன்று இருந்தாலும் "3 வயசு வரைக்கும் பார்க்கலாம்" என்று காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது?

முதலில் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். ஆர்.பி.எஸ்.கே எனப்படும், 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் கீழ், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இயங்குகின்றன. இங்கே காது பரிசோதனை, பேச்சுப் பயிற்சி போன்றவற்றை இலவசமாகப் பெறலாம். உங்கள் பகுதி அங்கன்வாடியில் கேட்டாலே வழி சொல்வார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனத்திலும் சிறு குழந்தைகளுக்கான பயிற்சி உண்டு.

பேச்சுப் பயிற்சிக்குப் போனால் குழந்தைக்குப் 'பிரச்னைக்காரப் பிள்ளை' என்று பேர் வந்துவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் நிம்மதி. ஏதாவது இருந்தால், உதவி கிடைக்க வேண்டிய வயதிலேயே கிடைத்துவிடும். இரண்டில் எதுவானாலும் குழந்தைக்கு நஷ்டம் இல்லை.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மா வேலைக்குப் போவதாலோ, அதிகம் பேசாதவர் என்பதாலோ குழந்தைக்கு இந்தக் குறை வருவதில்லை. அவரைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, பரிசோதனைக்குப் போகும்போது கூட ஒருத்தர் போங்க.