முதல் பார்வையும் ஒரு மூலதனம்தான்

அண்மையில் எனது ஹாட்வெயார் கடைக்குக் கணக்கு எழுத ஒருவர் தேவைப்பட்டார். கேள்விப்பட்டு ஒரு தம்பி வந்தார். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தவர். ஆனால் பத்து மணிக்கு வரச் சொன்னால் பத்தரைக்கு வந்தார். ஷேர்ட் கசங்கியிருந்தது. தாடி சீவப்படவில்லை. போனைப் பார்த்தபடியே ஸலாம் சொன்னார். அவர் கதிரையில் உட்காருமுன்பே, "இவர் சரிவரமாட்டார்" என்று என் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது.

இருந்தாலும் ஊர்ப்பிள்ளை என்பதால் கடன் கொப்பியை நீட்டி ஒரு பக்கத்தைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். அறுவடை முடிந்ததும் தருவதாகச் சொல்லிச் சாமான் எடுத்த ஒரு விவசாயியின் கணக்கு அது. ஐந்து நிமிடத்தில், "காக்கா, இதில் 4,500 ரூபா கூடப் போட்டிருக்கு" என்றார். நான் போட்ட கணக்கு! அவர் கண்டிராவிட்டால் அந்த மனிதரின் ஹக்கு என் லாச்சிக்குள் கிடந்திருக்கும். அன்றே வேலையைக் கொடுத்தேன்.

ஆனால் கொப்பியை நீட்டியது ஊர்ப்பாசம். கொழும்பில் ஒரு கம்பனி முகாமையாளர் அப்படி நீட்டுவாரா? வெளியே இன்னும் இருபது பேர் காத்திருக்க, அவர் அடுத்தவரை அழைத்துவிடுவார்.

முகம் தெரியாத ஒருவரை நம்பலாமா, கூடாதா என்று மனிதமனம் ஒரு வினாடியின் பத்திலொரு பங்கு நேரத்திலேயே முடிவு கட்டிவிடுகிறது என்பதை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடோரோவ் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கூடுதல் நேரம் கொடுத்துப் பார்த்தபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. அதன் மீதான உறுதிதான் கூடியது. முதல் பார்வை சரியாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் அது முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

அந்தத் தம்பி கொழும்பில் இரண்டு நேர்முகப் பரீட்சைகளில் தவறியிருந்தார். "தாடியை எடுத்துவிட்டுப் போனால்தான் வேலை கிடைக்குமென்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். உண்மையா காக்கா?" என்று கேட்டார்.

இதைச் சின்னக் கேள்வியென்று தள்ளிவிட முடியாது. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு நமது தாடியும் அபாயாவும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டன. அதே ஆண்டு, அரச அலுவலகங்களில் பெண்கள் சாரி அல்லது ஒசரி அணியவேண்டுமென்று சுற்றுநிருபம் வந்து, ஆட்சேபம் எழுந்தபின் திருத்தப்பட்டது. அதனால் பிள்ளைகளுக்குப் பயம் இருப்பது நியாயமே.

நான் அவருக்கு ஒரு பழைய வரலாற்றைச் சொன்னேன். இலங்கையின் முதலாவது முஸ்லிம் அட்வகேட் எம்.சி. அப்துல் காதர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். 1905 இல் அவர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றியதைப் பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் லேயார்ட் ஆட்சேபித்தார். தொப்பியைக் கழற்ற அப்துல் காதர் உடன்படவில்லை. முஸ்லிம்கள் திரண்டார்கள். 1905 டிசம்பர் 31 அன்று மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் நடந்தது. இந்தியாவிலிருந்து வந்த மௌலவி ரபியுத்தீன் அஹமது அதில் உரையாற்றினார். கடைசியில் தொப்பியோடு வழக்காட அனுமதி கிடைத்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அப்துல் காதர் தொப்பியை மட்டும் கொண்டுபோகவில்லை. சட்டம் படித்துத் தகுதி பெற்று, அந்தத் தொழிலுக்குரிய ஒழுங்கோடு போனார். தொப்பியைத் தவிர அவரில் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை. ஆகவேதான் வழக்கு தொப்பியைப் பற்றிய வழக்காகவே நின்றது. நாம் பிந்திப் போய், கசங்கிய உடுப்போடு நின்று, கேட்டதற்குப் பதில் தெரியாமல் விழித்துவிட்டு, "தாடியால்தான் வேலை கிடைக்கவில்லை" என்று சொன்னால் அது நம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

தலைமுடி கலைந்திருந்த ஒருவரையும் அழுக்கு உடையோடு இருந்த இன்னொருவரையும் கண்டு, முடியைச் சீராக்கவும் உடையைக் கழுவவும் இவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக ஹதீஸில் வருகிறது. ஆகவே தாடியை எடுக்க வேண்டாம். சீவி ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த ஷேர்ட் தேவையில்லை. துவைத்து அயன் பண்ணியது போதும். சப்பாத்தைத் துடையுங்கள். நகத்தை வெட்டுங்கள். அத்தரை அளவாகப் பூசுங்கள். அபாயா அணியும் நம் பெண்பிள்ளைகள், குரலை மட்டும் ஒளித்துக்கொள்ளாமல் தெளிவாகப் பேசவேண்டும். எதிர்ப்பாலார் கை நீட்டினால் தடுமாறாமல், நெஞ்சில் கை வைத்துப் புன்னகையோடு வணக்கம் சொன்னால் யாரும் மனம் கோணமாட்டார்கள்.

தைரியம் என்பது உரத்த குரல் அல்ல. அது ஆயத்தத்தால் வருவது. போகும் கம்பனி என்ன செய்கிறது என்று முதல் நாளே விசாரியுங்கள். உங்களைப் பற்றி ஐந்து வசனங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பழகுங்கள். தெரியாததைக் கேட்டால், "தெரியாது, பழகிக்கொள்வேன்" என்று நேராகச் சொல்லுங்கள். சம்மாந்துறையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் உடுத்த உடுப்போடு தூங்கி எழும்பிப் போகாமல், மாற்றுடுப்பை மடித்து எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக, என்னைப் போன்ற முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. நல்ல உடுப்பும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமையல்ல, உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாகப் பார்ப்பதுமே பெருமை என்று நமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. வேலை தேடி வருபவர் முதல் பார்வையைச் சரிசெய்துகொண்டு வரட்டும். நாம் இரண்டாவது முறையும் பார்ப்போம். கொப்பியை ஒருமுறை நீட்டிப் பார்க்க ஐந்து நிமிடம்தான் செல்லும். அந்த ஐந்து நிமிடம் எனக்கு ஒரு நல்ல கணக்காளரைத் தந்தது. அந்த விவசாயிக்கு அவருடைய 4,500 ரூபாவையும் காப்பாற்றிக் கொடுத்தது.