கேம்பிங் ஸ்டவ் விமானத்தில் போகுமா? ‘காலி’ என்ற சொல்லில்தான் சிக்கல்!

சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து டேராடூன் அல்லது லே. இமயமலைக்கு ட்ரெக்கிங் கிளம்பும் நம்மூர் இளைஞர்களின் வழக்கமான ரூட் இது. டென்ட், ஸ்லீப்பிங் பேக், மழைக்கோட்டு என எல்லாவற்றையும் எடை பார்த்து பேக் பண்ணி, லக்கேஜைப் போட்டுவிட்டு, கேட் அருகே காபியோடு உட்கார்ந்தால் ஸ்பீக்கரில் பெயர் வருகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால், எக்ஸ்ரே திரையில் உருண்டையாக ஒரு நிழல்.

“சார், இதுல என்ன இருக்கு?”

“கேஸ் கேன் சார். ஆனா காலிதான்.”

அந்தக் ‘காலி’யை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கேன் வெளியே எடுக்கப்படும். நேரம் இருந்தால் பை விமானம் ஏறும், இல்லையென்றால் பையும் ஆளும் அடுத்த விமானத்துக்குத்தான்.

ஸ்டவ் ஓகே, கேஸ் நோ

விதி ரொம்ப சிம்பிள். அடுப்பு தனி, எரிபொருள் தனி. கேன் மேல் திருகி மாட்டும் பர்னர், எரிபொருள் படாத வரை வெறும் உலோகம்தான். செக்-இன் லக்கேஜில் வைக்கலாம். ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்த கேஸ் கேனுக்கு மட்டும் செக்-இன், ஹேண்ட் பேக் இரண்டிலும் இடமில்லை. புதுசு, பாதி, காலி என்ற பேதமெல்லாம் கிடையாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட், ஹெக்ஸமின் வில்லைகளுக்கும் இதே கதிதான். பவர் பேங்க்கை ஹேண்ட் பேக்கில் மட்டுமே வைக்கச் சொல்கிறார்களே, அதுபோல இதையும் இடம் மாற்றி வைத்துச் சமாளிக்க முடியாது.

காலி கேனில் என்ன ஆபத்து? அடுப்பு அணைந்துவிட்டது என்றால், கேனுக்கு உள்ளே இருக்கும் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் சமமாகிவிட்டன என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் வாயு தானாக வெளியே வராது. ஆனால் கேன் முழுக்க எரியும் வாயு இன்னமும் நிறைந்தே இருக்கிறது.

உண்மையான பயம் எது?

மேலே போனால் அழுத்தம் குறைந்து கேன் வெடித்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பயணிகள் விமானங்களில் சரக்கு அறைக்கும் செயற்கைக் காற்றழுத்தம் உண்டு. எனவே முதல் கவலை வெடிப்பு அல்ல, கசிவு. ஒரு நடுத்தர கேனில் 230 கிராம் வாயு திரவமாக அடைபட்டிருக்கிறது. மொத்தமும் வெளியே வந்தால் ஏறக்குறைய 100 லிட்டர் வாயு. காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும் ரகம் இது. அதாவது, கைக்கு அடக்கமான ஒரு கேன் 5,000 லிட்டர் காற்றை எரியக்கூடியதாக மாற்றிவிடும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் கலைந்து போகாமல் அடியிலேயே தங்கும். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் இடத்தில் ஒரு வால்வு அழுந்தினால் போதும்.

சரக்கு அறையில் தீயணைப்பு அமைப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். 2017-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு சோதனை செய்தது. லேப்டாப் பேட்டரியைச் சூடாக்கி எரியவிட்டு, பக்கத்தில் ஒரு ட்ரை ஷாம்பூ ஸ்ப்ரே கேனை வைத்தார்கள். 40 நொடிக்குள் கேன் வெடித்தது. தீயணைக்கும் ஹாலான் வாயு வேலை செய்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும் என்பதுதான் அதில் தெரிந்த விஷயம். குளியலறை ஸ்ப்ரேக்கே இந்தக் கதை என்றால் அடுப்பு கேஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

‘காலி’ என்று எழுதியிருந்த பெட்டிகள்

1996 மே 11. மயாமியிலிருந்து அட்லாண்டா கிளம்பிய வேல்யூஜெட் 592 விமானம், சில நிமிடங்களிலேயே தீப்பிடித்து எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேரும் இறந்தனர். சரக்கு அறையில் இருந்தவை பழைய ஆக்ஸிஜன் ஜெனரேட்டர்கள். கூடவே வந்த சீட்டில் அவை ‘காலி’ என்று குறிப்பிடப்பட்டிருந்தன. உண்மையில் அவை காலியாக இல்லை. விமான ஊழியர்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் உஷாராவதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

பெட்ரோல் ஸ்டவ் வைத்திருப்பவர்கள் கவனிக்க

திரவ எரிபொருள் ஸ்டவ், அதன் பாட்டில் இரண்டும் ஒருமுறை பயன்படுத்திவிட்டால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. எரிபொருளை முழுதாகக் கொட்டிவிட்டு, குறைந்தது 1 மணி நேரம் வடியவிட வேண்டும். பிறகு மூடியைத் திறந்தபடி குறைந்தது 6 மணி நேரம் வைக்க வேண்டும். மிச்சம் ஒட்டியிருப்பது ஆவியாகிப் போக இந்த அவகாசம். இன்னொரு வழியும் உண்டு. கேட்டால் விசித்திரமாக இருக்கும்: பாட்டிலில் சமையல் எண்ணெயை ஊற்றிப் பிறகு கொட்டிவிடலாம். ஒட்டியிருக்கும் பெட்ரோலோடு எண்ணெய் கலந்துவிட்டால் அது சட்டென்று தீப்பிடிக்காது.

அதன்பின் மூடியை இறுக்கி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, பாலித்தீன் கவரில் போட்டு, வாயை ரப்பர் பேண்டால் கட்டி, செக்-இன் லக்கேஜில் வைக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் விமான நிறுவனத்தின் அனுமதி கட்டாயம். மறுத்தால் மறுத்ததுதான், கவுன்ட்டரில் விதியைக் காட்டி வாதாடிப் பலனில்லை. டிக்கெட் போட்ட கையோடு மெயில் அனுப்பி, வரும் பதிலை போனில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அமெரிக்கா போகிறவர்களுக்கு விதி இன்னும் கறார்: துளி எரிபொருளோ, ஆவியோ மிச்சம் இருக்கக் கூடாது. கடைசி முடிவு அங்கே நிற்கும் அதிகாரியுடையது.

போகும்போது பிரச்சினை வருவது குறைவு, ஸ்டவ் புதுசாக இருக்கும். மாட்டிக்கொள்வது திரும்பும்போதுதான். மலையிலிருந்து சாயங்காலம் இறங்கி, மறுநாள் காலை ஃப்ளைட் என்றால் அந்த 7 மணி நேரத்தை எங்கே கண்டுபிடிப்பது? ஹோட்டல் அறைக்குள் மூடியைத் திறந்து வைத்துத் தூங்குவது ரொம்பத் தப்பு. பால்கனி, மொட்டை மாடி மாதிரி காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும். முடிந்தால் ஒரு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள்.

அப்போ ரயில்ல கொண்டு போகலாமா?

அதுவும் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லக்னோவிலிருந்து வந்த பயணிகள் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்தார்கள். ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி ஆபத்தான பொருளைச் சட்டவிரோதமாக ரயிலில் கொண்டுவந்தால் 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

கூரியரில் அனுப்பும் யோசனையும் வேண்டாம். உங்கள் பார்சலும் ஏதோ ஒரு விமானத்தில்தான் ஏறப்போகிறது. ‘சமையல் பாத்திரம்’ என்று எழுதி அனுப்பினால், அதே தப்பை வேறு பெயரில் செய்கிறீர்கள்.

வேறு என்னதான் வழி?

இறங்கும் ஊரில் வாங்குவதுதான். லே, மணாலி போன்ற ஊர்களில் ட்ரெக்கிங் கடைகள் இருக்கின்றன. முன்கூட்டியே போன் செய்து ஸ்டாக் கேட்டுவிடுங்கள். கேட்கும்போது கேஸ் கேன் என்று மட்டும் சொல்லாமல், ‘திருகு மாடலா?’ என்றும் கேளுங்கள். டேபிள் ஸ்டவ்வில் படுக்க வைத்து மாட்டும் நீளமான பியூட்டேன் கேன், திருகு மாடல் பர்னரில் நேரடியாகப் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். தவிர, சாதாரண பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில். கடுங்குளிரில் அது ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். கேன் நிறைய கேஸ் இருந்தும் அடுப்பு எரியாது! ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

மிச்சமான கேனை ஓட்டை போட்டுக் காலி செய்ய முயல வேண்டாம். அடுத்த குழுவுக்குப் போகும் வழிகாட்டியிடமோ, வாங்கிய கடையிலோ கொடுத்துவிடலாம். அப்படியே பேன்ட் பாக்கெட்டையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஸ்டவ்வைப் பக்காவாகக் கழுவி எடுத்து வந்துவிட்டு, தீப்பெட்டிக்காக செக்யூரிட்டியில் நிற்பவர்களும் இருக்கிறார்கள்.