குட்டி லென்ஸா, பீரங்கியா? விருத்தாசலம் பொம்மைப் பட்டறையில் கற்ற கணக்கு

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பல்களைக் குறைத்திருக்கிறோம்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. "ப்ரோ, கேனான் மிரர்லெஸ் பாடி வாங்கிட்டேன். 50 எம்எம் எஃப் 1.2 லென்ஸை இஎம்ஐ-ல போடலாம்னு பார்க்கறேன். வீட்டு அலமாரியில அப்பாவோட பழைய ஒலிம்பஸ் 50 எம்எம் ஒண்ணு கிடக்கு. அதை வச்சு ஒப்பேத்தலாமா, இல்ல கடன் வாங்கியாவது புதுசை எடுத்துரணுமா?"

அந்த எஃப் 1.2 லென்ஸ் விலை லட்சத்தைத் தாண்டும். நம்ம வயசுல அது சின்னத் தொகை இல்லை. அதனால் ஒரே வரியில் பதில் சொல்லாமல், எனக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

"வெளிச்சத்தை மறைக்காத தம்பி"

விருத்தாசலம் தெரியும்தானே? கடலூர் மாவட்டம், மணிமுத்தாறு, பழமலைநாதர் கோயில், ரயில்வே ஜங்ஷன். அதோடு, செராமிக் ஊர். பக்கத்தில் நெய்வேலி, அங்கே களிமண். இந்த ஊர் தொழிற்பேட்டையில் அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸுக்கான பீங்கான் என்று என்னென்னவோ செய்கிறார்கள். நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் கொலு பொம்மை வேலை மும்முரமாக நடக்கும். அந்தச் சமயத்தில் படம் எடுக்கப் போனேன். பையில் இரண்டு 50 எம்எம். ஒன்று, வாடகைக்கு எடுத்த கேனான் ஆர்எஃப் எஃப் 1.2. இன்னொன்று, என்னிடம் இருக்கிற பழைய ஒலிம்பஸ் ஸுய்கோ எஃப் 1.8.

ஒரு பட்டறையில் கதவோரம் உட்கார்ந்து ஒரு அக்கா பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். கதவு வழியாக வரும் வெளிச்சம்தான் அவருக்கு விளக்கு. நான் பெரிய லென்ஸோடு கிட்டே போனேன். இரண்டு படம் எடுத்திருப்பேன். தலையைத் தூக்காமலே சொன்னார்: "வெளிச்சத்தை மறைக்காத தம்பி. கண்ணு கோணிப்போச்சுன்னா இந்தப் பொம்மை போச்சு."

அவருக்குப் பொம்மைக் கணக்கில்தான் கூலி. என் நிழல் விழுந்த ஒவ்வொரு நிமிடமும் அவருடைய நேரம். தள்ளிப் போய் லென்ஸை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்கப்புறம் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய லென்ஸில் ஏதோ மாயம் இருக்கிறது என்று இதைச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமராவில் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் என்பது சென்சாரிலிருந்து அளப்பது, லென்ஸ் முனையிலிருந்து அல்ல. ஆர்எஃப் எஃப் 1.2-க்கு அது 40 செ.மீ. அதில் லென்ஸின் நீளம் 10.8 செ.மீ., மவுண்டிலிருந்து சென்சார் வரை 2 செ.மீ. கழித்தால், லென்ஸ் முனைக்கும் பொம்மைக்கும் நடுவே சுமார் 27 செ.மீ. தான் மிச்சம். ஹூட் மாட்டினால் இன்னும் குறையும். ஸுய்கோவுக்குக் குறைந்தபட்சத் தூரம் 45 செ.மீ., ஆனால் லென்ஸ் வெறும் 3 செ.மீ. நீளம். அடாப்டரையும் சேர்த்துக் கழித்தால்கூட முன்னால் சுமார் 36 செ.மீ. இடம் இருக்கிறது. ஆர்எஃப் லென்ஸின் குறுக்களவு கிட்டத்தட்ட 9 செ.மீ., அதாவது ஒரு டீ கிளாஸை விட அகலம். கதவு வெளிச்சத்தில் அது கையளவு நிழல்.

அப்போ ஏன் அவ்வளவு பெருசு?

நிறைய பேர் நினைப்பது: "பெரிய லென்ஸ்னா நிறைய வெளிச்சம் உள்ள வரும்." பாதிதான் சரி.

எஃப் எண் என்பது ஒரு வகுத்தல். ஃபோகல் நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு வரும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 28 மி.மீ. இயற்பியல் கேட்பது அவ்வளவுதான். 1.2-ஆல் வகுத்தால் சுமார் 42 மி.மீ. அதாவது எஃப் 1.2-இல் வரும் வெளிச்சம் 1.8-ஐப் போல இரண்டே கால் மடங்கு. ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல்.

எடை எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஸுய்கோ எஃப் 1.8 சுமார் 170 கிராம். ஆர்எஃப் எஃப் 1.2 950 கிராம். இரண்டே கால் மடங்கு வெளிச்சத்துக்கு ஐந்தரை மடங்கு எடை! மிச்ச எடை எங்கே போனது?

திருத்தங்களில் போனது. வளைந்த ஒற்றைக் கண்ணாடி எதையும் ஒழுங்காகக் குவிக்காது. ஓரத்தில் நுழையும் கதிர் ஓரிடத்திலும் நடுவில் நுழையும் கதிர் வேறிடத்திலும் குவியும். நீலம் ஓரிடம், சிவப்பு ஓரிடம். மூலையில் இருக்கும் விளக்குப் புள்ளி வால் முளைத்த மாதிரி இழுபடும். ஒவ்வொரு பிழையையும் பிடிக்க இன்னொரு கண்ணாடி, அதைப் பிடிக்க இன்னொன்று. அப்படியே கூடிக்கூடி ஆர்எஃப் எஃப் 1.2-இல் 15 கண்ணாடிகள். துவாரம் பெரிதாகப் பெரிதாக இந்தப் பிழைகளும் வேகமாக வளர்வதால்தான் இத்தனை தேவைப்படுகிறது. போதாக்குறைக்கு ஆட்டோஃபோகஸ் மோட்டார், எலக்ட்ரானிக்ஸ், தூசியும் தண்ணீரும் புகாத சீல்கள்.

மென்பொருள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒவ்வொரு எட்ஜ் கேஸுக்கும் ஒரு இஃப் கண்டிஷன் சேர்த்துக்கொண்டே போன கோட் மாதிரி. தப்பான கோட் இல்லை. எல்லா கேஸும் பாஸ் ஆகும். ஆனால் அந்த எட்ஜ் கேஸ் உங்கள் வாழ்க்கையில் எப்போதாவது வருகிறதா என்பதுதான் கேள்வி.

ஆறு கண்ணாடியில் எப்படிச் சமாளித்தார்கள்?

1896-இல் ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியின் பால் ருடால்ஃப், பிளானார் என்ற லென்ஸை வடிவமைத்தார். நடுவில் அபெர்ச்சர், அதன் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒரே வகை அமைப்பு. இதை டபுள் காஸ் என்பார்கள். முன்பாதி செய்யும் சில தப்புகளைப் பின்பாதி எதிர்த்திசையில் செய்யும், இரண்டும் அடித்துப்போகும். கூடுதல் கண்ணாடி இல்லாமலே திருத்தம். அழகான யோசனை.

ஆனால் ஒரு சிக்கல். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். எட்டுப் பரப்பு தாண்டினால் நூற்றுக்கு 72 தான் போய்ச் சேரும். திரும்பியது உள்ளேயே அலைந்து படத்தை வெளிறடிக்கும். 1935-இல் ஸைஸிலேயே அலெக்ஸாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த வடிவமைப்புக்கு நல்ல காலம் வந்தது. அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு ஃபிலிம் கேமராக்களின் 50 எம்எம் என்றாலே பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

ஒலிம்பஸ் கதையும் சுவாரஸ்யம். அந்தக் காலத்து எஸ்எல்ஆர்கள் கனமாக இருக்கிறதே என்று யோஷிஹிஸா மைதானி என்ற பொறியாளர் சிறிய கேமரா, சிறிய லென்ஸ் என்று ஒரு முழு சிஸ்டத்தையே வடிவமைத்தார். 1972-இல் எம்-1 என்ற பெயரில் வந்தது; லைக்கா ஆட்சேபம் சொன்னதால் ஓஎம்-1 ஆனது. ஆக, "ஏன்டா இவ்வளவு வெயிட்டு" என்ற புலம்பல் நம்ம தலைமுறைக் கண்டுபிடிப்பு இல்லை.

பழசு-புதுசு சண்டையே இல்லை

இங்கேதான் நான் கட்சி மாறுவேன். கேனானிலேயே ஆர்எஃப் 50 எம்எம் எஃப் 1.8 இருக்கிறது. புது லென்ஸ். ஆட்டோஃபோகஸ் உண்டு. எடை 160 கிராம். உள்ளே எத்தனை கண்ணாடி தெரியுமா? ஆறு!

ஆக, சின்னது என்றால் பழசு, பெரியது என்றால் புதுசு என்று இல்லை. எந்தத் திருத்தத்துக்கு எவ்வளவு எடையும் பணமும் கொடுக்கத் தயார் என்பதுதான் விஷயம். முழு அபெர்ச்சரில் படத்தின் நான்கு மூலையும் நடுவைப் போலவே கூர்மையாக வேண்டுமா, கொடுங்கள். எஃப் 5.6-க்கு மூடினால் ஆறு கண்ணாடி லென்ஸும் நன்றாகவே கூராகிவிடும். ஃபோன் திரையில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அந்த ஒரு ஸ்டாப் வெளிச்சம்? ஃபிலிம் காலத்தில் ஐஎஸ்ஓ 400-ஐ மாட்டிக்கொண்டு இருட்டுக்குள் போனவருக்கு அது உயிர். இன்று ஐஎஸ்ஓ 1600-ஐ 3200 ஆக்க ஒரு டயலைத் திருப்பினால் போதும். பின்னணி இன்னும் கரைய வேண்டும் என்பது வேறு ஆசை. அது நியாயமான ஆசைதான், ஆனால் அதன் விலை தெரிந்து ஆசைப்படுங்கள்.

பழைய லென்ஸ் என்னைக் கவிழ்த்த இடங்கள்

ஒன்று, சூளை. கதவு திறந்து உள்ளே செந்தழலாக இருந்தது. ஸுய்கோவை நேராக அதை நோக்கித் திருப்பினேன். படம் முழுக்க மூட்டம், நடுவில் ஆரஞ்சு வட்டங்கள். என்னுடையதில் பழைய பூச்சு, அதுக்கு மேல ஹூட்டும் இல்லை. பெரிய லென்ஸில் அதே படம் கறுப்பு கறுப்பாக, தழல் தழலாக வந்தது.

இரண்டு, ஃபோகஸ். கைகள் அசையும்போது எஃப் 1.8-இல் கையால் ஃபோகஸ் பண்ணுவது சும்மா இல்லை. அன்று எடுத்ததில் பாதிக்கு மேல் குப்பை. ஃபோகஸ் பீக்கிங்கை மட்டும் நம்பினேன். வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று, தூசு. காய்ந்த களிமண் பொடி மாவு மாதிரி எங்கும் பறக்கும். பழைய லென்ஸில் சீல் கிடையாது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது மரை நீண்டு சுருங்கும், காற்றோடு தூசும் உள்ளே போகும். ஊர் திரும்பியதும் வளையம் நறநறவென்றது. சுத்தம் செய்யக் கொடுத்த காசு அந்த லென்ஸின் விலையில் பாதி.

அலமாரி லென்ஸை எடுப்பதற்கு முன்

முதலில் டார்ச். லென்ஸின் ஒரு முனையில் அடித்து மறுமுனையில் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழைகள் தெரிந்தால் ஃபங்கஸ். நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு மூடிய தோல் உறையும் இருட்டு அலமாரியும் அதற்கு மாமியார் வீட்டு விருந்து. லேசாக இருந்தால் சுத்தம் பண்ணலாம். கண்ணாடிப் பூச்சையே அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். இனிமேல் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

அடுத்து, அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுக்குகிறதா என்று பாருங்கள். இதழ்கள் ஒட்டாமல் உடனே விரிந்து சுருங்க வேண்டும்.

அப்புறம் மவுண்ட். ஓஎம் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 46 மி.மீ., ஆர்எஃப்-க்கு 20. மீதி 26 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெற்றுக் குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. மிரர்லெஸ்ஸில் கிட்டத்தட்ட எந்தப் பழைய எஸ்எல்ஆர் லென்ஸையும் மாட்ட முடிவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கவனம்: அதன் இடைவெளியே 46.5 மி.மீ. என்பதால் எம்42 போன்ற லென்ஸ்களை வெறும் குழாயோடு மாட்டினால் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகாது.

கேமரா மெனுவில் "லென்ஸ் இல்லாமல் ஷட்டர்" என்பதை ஆன் பண்ணுங்கள். பாடியில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ஃபோகல் நீளம் 50 என்று கையால் கொடுங்கள்.

கண்ணாடி டீத்தண்ணி நிறத்தில் மஞ்சளாக இருந்தால்? பெண்டாக்ஸ் சூப்பர் டாக்குமார் 50 எம்எம் எஃப் 1.4 போன்ற சிலவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பார்கள். ஒளியை நன்றாக வளைக்கும், ஆனால் நிறங்களை அதிகம் பிரிக்காது என்பதற்காக. நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டில் இருக்கிறதே, அதே தோரியம். லேசான கதிரியக்கம் இருப்பதால் கண்ணாடி வருஷக்கணக்கில் மஞ்சளாகிறது. படம் எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. கழற்றி உரசும் விபரீதம் மட்டும் வேண்டாம். புற ஊதா விளக்கடியில் சில நாள் வைத்தால் மஞ்சள் வெளுக்கும்.

சரி, இஎம்ஐ போடலாமா?

கல்யாணம் எடுத்துச் சம்பாதிக்கிறீர்களா? தாலி கட்டும் நொடியில் ஃபோகஸ் தவறினால் திரும்ப எடுக்க முடியாது. ஆட்டோஃபோகஸ் உள்ள புது லென்ஸே வாங்குங்கள். அதுவே பிழைப்பு என்றால் எஃப் 1.2-உம் செலவு அல்ல, முதலீடு.

அதுவே ஞாயிற்றுக்கிழமைப் படங்கள், ஊர் சுற்றல், பட்டறைகள், பாட்டி முகம் என்றால், அடாப்டர் ஒன்றை மட்டும் வாங்கி அப்பாவின் லென்ஸோடு மூன்று மாதம் ஓட்டுங்கள். கூடவே ஒரு வேலை: உங்களுக்குப் பிடித்த கடைசி 100 படங்களைத் திறந்து, எஃப் எண் என்னவென்று பாருங்கள். அதில் எத்தனை முழுசாகத் திறந்த அபெர்ச்சரில் எடுத்தது, எத்தனையில் மூலையின் கூர்மை உங்களுக்கு முக்கியமாக இருந்தது என்று எண்ணுங்கள். என் கணக்கில் நூற்றுக்கு ஒன்பது தேறியது. உங்கள் எண் அறுபது என்றால் தாராளமாக இஎம்ஐ போடுங்கள். (பழைய லென்ஸில் எடுத்தால் எஃப் எண் பதிவாகாது. ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.)

அந்த அக்காவின் படத்தைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பினேன். கண் எழுதும் தூரிகை நுனி கூர்மை; ஓரத்தில் வரிசையாகக் காத்திருக்கும் பொம்மைகள் கொஞ்சம் மங்கல். போனில் கேட்டேன், நல்லா இருக்கா அக்கா என்று. "கண்ணு நேரா இருக்குல்ல, அது போதும்" என்றார்.

உங்கள் வீட்டு அலமாரியில் என்ன லென்ஸ் கிடக்கிறது என்று வாய்ஸ் நோட்டில் சொல்லுங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்.