ஏரித் தண்ணீர் ஏன் நிறம் மாறுகிறது?

ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஏரிகள் ஐப்பசி மழையில் செம்மண் நிறத்தில் நிரம்பும். தை பிறந்தால் தெளியும். சித்திரையில் பச்சை பிடிக்கும். ஏன்?

காரணம் பாறையிலிருந்து தொடங்குகிறது. இந்த வட்டாரத்தின் அடியில் கிரானைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள் உள்ளன. மழைநீர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை மெல்ல மெல்லச் சிதைக்கும். சோடியமும் கால்சியமும் நீரில் கரைய, மிஞ்சுவது களிமண். இரும்பு ஆக்சைடு அதைச் சிவக்க வைக்கிறது.

களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால் எளிதில் படியாமல் மிதக்கும். நீரில் கால்சியம் கூடும்போது அந்த விலக்கம் தளரும். துகள்கள் ஒட்டித் திரண்டு அடியில் படியும். தை மாதத் தெளிவுக்கு, மழை ஓய்ந்து வரத்து நிற்பதோடு இதுவும் ஒரு காரணம்.

ஏரிக்கு எவ்வளவு மண் வரும் என்பது சரிவைப் பொறுத்தது. குன்றுச் சரிவில் புதர்க்காடு இருந்தால் சருகு மழைத்துளியின் அடியைத் தாங்கி, நீரை மண்ணுக்குள் இறக்கும். சரிவு மொட்டையானால் மேல்மண் ஏரிக்கே வந்துவிடும். சரிவைக் கவனிக்காமல் ஏரியை மட்டும் தூர்வாருவது பாதி வேலைதான்.

கோடையில் நீர் ஆவியாகும், உப்பு தங்கும். சாணமும் வயல் உரமும் தரும் பாஸ்பரஸைத் தின்று, ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் பாசி பெருகுகிறது. இந்த ஏரிகள் இருப்பது கொசஸ்தலையாற்று வடிநிலத்தில். அந்த ஆற்றின் நீரும் 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் வழியே சென்னையின் குடிநீராகிறது.